அணி தோற்றால் பதில் சொல்ல வேண்டியவர் யார்?

கேள்வி கேட்ட அன்பர் எழுதியிருப்பதன் சாரம் இது: இந்திய ஆடவர் ஹாக்கி அணி தடுமாறும்போதெல்லாம் பயிற்சியாளர் பதவி இழக்கிறார், அணி மேலாளரும் சங்க நிர்வாகிகளும் அப்படியே நீடிக்கிறார்கள், இது நியாயமா, பயிற்சியாளரை மாற்றினால் அணி உண்மையிலேயே தேறுமா? இரண்டு கேள்விகளாகத் தெரிந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான். முடிவெடுப்பவர் ஒருவர், அந்த முடிவுக்காக விளக்கம் கேட்கப்படுபவர் வேறொருவர் என்ற வழக்கம் நம் ஹாக்கியில் எப்படி நிலைபெற்றது, அதைப் பிரித்துப் பார்ப்பது எப்படி என்பதையே அவர் கேட்கிறார். அதற்கே பதில் எழுதுகிறேன்.

நான் பாட்டியாலாவில் உள்ள தேசிய விளையாட்டு நிறுவனத்தில் ஹாக்கிப் பயிற்சியாளர் பட்டயம் பெற்று, 26 ஆண்டுகள் தென் மாவட்டங்களில் கல்லூரி அணிகளுக்கும் ஒரு துறை அணிக்கும் பயிற்சி அளித்தவன். தேசிய முகாமில் பணியாற்றியவன் அல்லன். ஆகவே இந்திய அணியின் அறைக்குள் என்ன பேசப்பட்டது என்பதைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை. எல்லோரும் பார்த்த முடிவுகளையும், என் மைதானத்தில் நானே அனுபவித்ததையும் வைத்துத்தான் பேசுகிறேன்.

முதலில் மேலாளர் என்ற சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். இங்கிலாந்துக் கால்பந்தில் அணியைத் தேர்ந்து களமிறக்குபவரையே மேனேஜர் என்கிறார்கள். வட அமெரிக்க ஐஸ் ஹாக்கியில் ஜெனரல் மேனேஜர் என்பவர் வீரர்களை ஒப்பந்தம் செய்கிறார், மற்ற அணிகளோடு மாற்றிக்கொள்கிறார், பயிற்சியாளரையும் நியமிக்கிறார்; எனவே அணி தொடர்ந்து சறுக்கினால் முதலில் பயிற்சியாளரும் பிறகு அவரும் வெளியேறுவது அங்கே வழக்கம். நம் ஹாக்கியில் மேலாளர் பெரும்பாலும் நிர்வாக வேலைக்காக உடன் அனுப்பப்படுபவர். பயணம், தங்குமிடம், சாப்பாடு, போட்டி அதிகாரிகளோடு கூட்டம், ஆட்டத்துக்கு முன் பட்டியலில் கையெழுத்து என்பவைதான் அவர் பொறுப்பு. பெனால்ட்டி கார்னர் என்ற கோலடிக்கும் வாய்ப்பு வீணானதற்கு அவரைக் கேட்பதில் பொருளில்லை. ஆனால் வீரர்களுக்குச் சேர வேண்டியது சேராமல் அணி குலைந்தால், அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் நிர்வாகத் தரப்பினர்தான். 2010 ஜனவரியில், டெல்லி உலகக் கோப்பைக்குச் சில வாரங்களே இருந்த நிலையில், பணப் பாக்கிக்காக வீரர்கள் புனே முகாமில் பயிற்சியைப் புறக்கணித்தார்கள். அந்த உலகக் கோப்பையில் இந்தியா 8-ஆவது இடம் பெற்றது. அப்போதைய பயிற்சியாளர் ஹோசே பிராசாவிடம் கேட்க வேண்டிய கேள்விகள் பல இருந்திருக்கலாம். முகாமில் வீணான அந்த நாள்கள் அவற்றில் சேராது.

உறுதியாகச் சொல்லக்கூடிய ஒன்று உண்டு. நம் நாட்டில் ஹாக்கிப் பயிற்சியாளர்கள் தோற்றதால் மட்டும் நீக்கப்படவில்லை. வென்ற பிறகும் நீக்கப்பட்டிருக்கிறார்கள். 1998-இல் பாங்காக் ஆசிய விளையாட்டில் 32 ஆண்டுகளுக்குப் பிறகு இந்தியா தங்கம் வென்றது. வெற்றிக் களிப்பு அடங்குவதற்குள் தன்ராஜ் பிள்ளை உட்பட மூத்த வீரர்கள் பலர் அணியிலிருந்து விலக்கப்பட்டார்கள், பயிற்சியாளர் எம்.கே. கௌசிக்கும் போனார். 2002 கோலாலம்பூர் உலகக் கோப்பையில் செட்ரிக் டிசோசா போட்டி நடந்துகொண்டிருக்கும்போதே நீக்கப்பட்டார். அணி 10-ஆவது இடத்தில் முடித்தது. 2003-இல் ஆசியக் கோப்பையை வென்று தந்த ராஜிந்தர் சிங்கை, ஏதென்ஸ் ஒலிம்பிக்கிற்குச் சில வாரங்கள் இருக்கும்போது எடுத்துவிட்டு, ஜெர்மனியைச் சேர்ந்த கெர்ஹார்ட் ராக்கைக் கொண்டுவந்தார்கள். ஏதென்ஸில் கிடைத்தது 7-ஆவது இடம். பதினெட்டு வீரர்களின் பெயரும் குணமும் பழகுவதற்கே ஒரு மாதம் பிடிக்கும் என்பது பயிற்சி கொடுத்த எவருக்கும் தெரியும். ஒலிம்பிக்கின் வாசலில் ஆளை மாற்றியவர்கள் அந்த 7-ஆவது இடத்துக்காக எந்த விளக்கமும் தரவில்லை. இந்திய ஹாக்கி கூட்டமைப்பின் தலைவராக 1994 முதல் 2008 வரை இருந்தவர் ஒரே மனிதர், கே.பி.எஸ். கில். அவர் காலத்தில் வந்துபோன பயிற்சியாளர்களை எண்ணிச் சொல்ல எனக்கு இரண்டு கை விரல்களும் தேவைப்படும்.

2008-ஐச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதன் முந்தைய அத்தியாயத்தை நான் நேரில் பார்த்தேன். 2007 செப்டம்பரில் சென்னை எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் மைதானத்தில் ஆசியக் கோப்பை நடந்தது. இறுதியாட்டத்தில் கொரியாவை 7-2 என்று இந்தியா வீழ்த்தியபோது நான் கேலரியில் இருந்தேன். பயிற்சியாளர் ஜோக்கிம் கார்வாலோவை அன்று தலையில் தூக்கி வைத்து ஆடாதவர் இல்லை. அடுத்த ஆறு மாதத்தில், 2008 மார்ச்சில், சிலியின் சான்டியாகோ நகரில் நடந்த ஒலிம்பிக் தகுதிப் போட்டியின் இறுதியில் பிரிட்டனிடம் 0-2 என்று தோற்றோம். 1928-இல் ஒலிம்பிக் ஹாக்கியில் அடியெடுத்து வைத்த பிறகு, முதன்முறையாக இந்தியா இல்லாமல் ஓர் ஒலிம்பிக் நடக்கப்போகிறது என்றானது. கார்வாலோ உடனே பதவி விலகினார். சங்கத் தலைவர் கில் விலக மறுத்தார்.

அன்று எல்லோரும் அந்த ஓர் ஆட்டத்தையே பேசினார்கள். ஆனால் சான்டியாகோவுக்குப் போக வேண்டிய நிலை எப்படி வந்தது? 2006 தோஹா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்றிருந்தால் நேரடியாக பெய்ஜிங்குக்குப் போயிருக்கலாம். அங்கே வரலாற்றில் முதல்முறையாகப் பதக்கமே இல்லாமல் திரும்பினோம். அதே ஆண்டு ஜெர்மனியில் நடந்த உலகக் கோப்பையில் 12 அணிகளில் 11-ஆவது இடம். அந்த உலகக் கோப்பைக்குப் பயிற்சியாளராக இருந்தவர் நம் வாசுதேவன் பாஸ்கரன். 1980 மாஸ்கோவில் தங்கம் வென்ற அணியின் தலைவர். அவரைவிட ஆட்டம் தெரிந்தவர்கள் நாட்டில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? பாஸ்கரனும் கார்வாலோவும் வேறு வேறு பாணியைச் சேர்ந்தவர்கள், ஆனால் இருவரும் ஒரே சுவரில்தான் மோதினார்கள். சான்டியாகோவுக்கு அடுத்த மாதமே, வீரர் தேர்வுக்குப் பணம் கைமாறியதாக ஒரு தொலைக்காட்சி வெளியிட்ட காட்சியை அடுத்து, சங்கச் செயலாளர் விலகினார். இந்திய ஒலிம்பிக் சங்கம் ஹாக்கி கூட்டமைப்பையே முடக்கியது. பயிற்சியாளர் போன பிறகு ஏறத்தாழ ஐம்பது நாள் கழித்துத்தான் நிர்வாகத்தின் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள், அதுவும் ஆட்டத்தில் தோற்றதற்காக அல்ல.

இதுவரை சொன்னதை வைத்து, பயிற்சியாளர் எப்போதும் பாவப்பட்டவர் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். என் அனுபவம் அதற்கு நேர்மாறான ஒன்றைக் கற்றுத் தந்தது. நான் பயிற்சி அளித்த துறை அணி ஒரு மாநில அளவிலான போட்டிக்குப் போனது. 18 பேர் பட்டியல் என் கைக்கு வந்தபோதே தட்டச்சாகி, கையெழுத்தாகி இருந்தது. முழங்கால் வலியால் நான்கு மாதமாக ஓடாத ஒரு ஃபுல் பேக்கின் பெயர் அதில் இருந்தது. நான் கேட்டிருந்த இளைஞனின் பெயர் இல்லை. காலிறுதியில் 1-2 என்று தோற்றோம். அந்த ஃபுல் பேக்கைத் தாண்டித்தான் இரண்டாவது கோல் வந்தது. ஊர் திரும்பிய நாலாம் நாள் எனக்கு மட்டும் ஒரு மெமோ வந்தது. தகுதியற்ற வீரரைக் களமிறக்கியது ஏன் என்று அதில் கேட்டிருந்தார்கள். பட்டியலில் கையெழுத்திட்டவர்களில் ஒருவருக்கும் மெமோ இல்லை. அடுத்த பருவத்தில் அந்த வேலை என்னிடம் இல்லை.

அந்த அநியாயம் பல ஆண்டுகள் மனத்தை அறுத்தது. ஆனால் அதைவிட அறுத்தது வேறொன்று. அந்த ஆட்டத்தில் எங்களுக்கு ஆறு பெனால்ட்டி கார்னர் கிடைத்தன. எல்லைக் கோட்டிலிருந்து தள்ளிவிடப்படும் பந்தை வட்டத்தின் மேல்விளிம்பில் ஸ்டிக்கைத் தரையோடு படுக்கவைத்து நிறுத்துபவரை நாங்கள் ஸ்டாப்பர் என்போம். எங்கள் ஸ்டாப்பருக்கு முந்தைய ஆட்டத்தில் கட்டைவிரல் பிசகியிருந்தது. அவருக்குப் பதிலாக நின்ற ஹாஃப் பேக் அந்த இடத்தில் பயிற்சியே எடுத்தவர் அல்லர். ஆறில் நான்கு பந்துகள் அவருடைய ஸ்டிக்கின் மேல் துள்ளி விலகின. அடிக்க ஓடிவந்தவர் வெறும் காற்றை அடித்தார். ஒவ்வொரு அணியிலும் இரண்டாவது ஸ்டாப்பரைத் தயார் செய்து வைப்பது பயிற்சியாளரின் வேலை, வேறு யாருடைய வேலையும் அன்று. மூன்று மாத முகாமில் நான் அதைச் செய்யவில்லை. மெமோவில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். நான் தேர்வு செய்யாத வீரருக்காகத் தண்டிக்கப்பட்டேன். நான் உண்மையில் செய்த பிழையை யாரும் கண்டுகொள்ளவே இல்லை. பொறுப்பைத் தவறான இடத்தில் வைக்கும்போது நிரபராதி தண்டிக்கப்படுவது ஒரு பக்கம். அதே ஆள் செய்த உண்மையான பிழை தப்பிவிடுவதும், அடுத்த பயிற்சியாளரும் அதே பிழையைச் செய்வதும் மறுபக்கம். அன்பரின் கேள்விக்கு என்னிடம் இருக்கும் பதிலின் நடு இதுதான்.

பயிற்சியாளர் பதில் சொல்ல வேண்டியவை எவை என்பதில் எனக்கு அதிகக் குழப்பம் இல்லை. நான்காவது கால்பகுதியிலும் ஓடுவதற்கான உடல்திறன், பந்தை இழந்த பிறகு அணி திரும்பி அடுக்கும் வேகம், பெனால்ட்டி கார்னரில் அடிக்கவும் தடுக்கவும் உள்ள மாற்று ஏற்பாடுகள், முன்னிலையில் இருக்கும்போது ஆட்டத்தை நிதானப்படுத்தும் முறை, மாற்று வீரர்களை எப்போது இறக்குகிறார் என்பது ஆகிய இவையெல்லாம் அவர் கைக்குள் இருப்பவை. 2023 ஜனவரியில் புவனேஸ்வரத்தில் நியூசிலாந்துக்கு எதிராக நடந்த உலகக் கோப்பை ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 3-1 என்று முன்னிலையில் இருந்த அணி 3-3 என்று விட்டுக்கொடுத்து, ஷூட் அவுட்டில் தோற்றது. காலிறுதிக்கே போக முடியவில்லை. சொந்த மண்ணில் இரண்டு கோல் முன்னிலையைக் காக்க முடியாதது பயிற்சியாளரின் கணக்கில் எழுத வேண்டிய குறைதான். அப்போதைய பயிற்சியாளர் கிரகாம் ரீட் அதை ஏற்றுப் பதவி விலகினார். அவருடைய உதவியாளர்கள் இருவரும் விலகினார்கள். அதை நான் மதிக்கிறேன்.

ஆனால் அதே கணக்கின் இன்னொரு பக்கமும் இருக்கிறது. நடுக்களத்தின் உயிராக இருந்த ஹார்திக் சிங் இங்கிலாந்துக்கு எதிரான ஆட்டத்தில் தொடைத் தசை காயத்தால் வெளியேறினார். அது யாருடைய குற்றமும் அன்று. அழுத்தத்தைச் சமாளிக்க வைக்கும் மனநலப் பயிற்சியாளர் இந்த அணிக்குத் தேவை என்ற பேச்சு அந்தத் தோல்விக்குப் பிறகு எழுந்தது. ரீட் போய் கிரெய்க் ஃபுல்டன் வந்த பிறகு, அதே 2023-இல் பாடி அப்டன் மனநலப் பயிற்சியாளராக நியமிக்கப்பட்டார். ஒரு பயிற்சியாளருக்கு இல்லாத துணை அடுத்தவருக்குக் கிடைத்தது என்றால், அந்த இடைவெளிக்கு நிர்வாகமும் பதில் சொல்ல வேண்டும். டோக்கியோவில் ஜெர்மனிக்கு எதிராக 1-3 என்று பின்தங்கி, 5-4 என்று வென்று, 41 ஆண்டுகளுக்குப் பிறகு ஒலிம்பிக் பதக்கம் வாங்கித் தந்ததும் இதே ரீட்தான் என்பதைச் சேர்த்தே எண்ண வேண்டும்.

பயிற்சியாளரை மாற்றினால் அணி தேறுமா என்பதுதான் இரண்டாவது பகுதி. இங்கே உறுதியைக் குறைத்துக்கொண்டு பேச வேண்டியிருக்கிறது. மாற்றத்துக்குப் பிறகு அணி நன்றாக ஆடியதற்கு உதாரணங்கள் உண்டு; ஃபுல்டன் வந்த ஆண்டிலேயே சென்னையில் ஆசிய சாம்பியன்ஸ் டிராபியும், ஹாங்சௌவில் ஆசிய விளையாட்டுத் தங்கமும் கிடைத்தன; 2024 பாரிஸில் வெண்கலம். ஆனால் அந்த வெற்றியில் எவ்வளவு புதியவருடையது, எவ்வளவு ரீட் நான்காண்டு வளர்த்த வீரர்களுடையது என்று யாராலும் பிரித்துத் தர முடியாது. அதோடு, பயிற்சியாளரை மாற்றுவது பெரும்பாலும் அணி மிகத் தாழ்ந்திருக்கும் நேரத்தில்தான். அங்கிருந்து எந்த அணியும் ஓரளவு மேலே வரவே செய்யும். அந்த இயல்பான ஏற்றத்தையும் புதிய ஆளின் கணக்கில் எழுதிவிடுகிறோம்.

மாற்றம் அடிக்கடி நிகழ்ந்தால் கேடு என்பதை மட்டும் சற்று அழுத்தமாகவே சொல்லலாம். 2014 நவம்பர் முதல் 2019 ஜனவரி வரை, நான்கு ஆண்டுகளுக்குச் சற்று அதிகமான காலத்தில், ஐந்து தலைமைப் பயிற்சியாளர்கள் ஆடவர் அணியை விட்டுப் போனார்கள். டெர்ரி வால்ஷ் 16 ஆண்டுகளுக்குப் பிறகு ஆசியத் தங்கம் வென்று, ரியோவுக்கு நேரடித் தகுதியும் பெற்றுத் தந்த சில வாரங்களில் போனார். அடுத்து வந்த பால் வான் ஆஸ், சங்கத் தலைமையோடு ஏற்பட்ட மோதலுக்குப் பின் ஏறத்தாழ ஆறே மாதத்தில் நீக்கப்பட்டார். பிறகு ரூலன்ட் ஓல்ட்மன்ஸ், ஸ்யோர்ட் மரீனே, ஹரேந்திர சிங். இவர்களில் மரீனேயின் கதை எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. 2018 காமன்வெல்த் போட்டியில் பதக்கம் வரவில்லை என்று ஆடவர் அணியிலிருந்து மகளிர் அணிக்கு மாற்றப்பட்டவர் அவர். அதே மனிதர், மூன்று ஆண்டு நேரம் கிடைத்ததும், டோக்கியோவில் இந்திய மகளிர் அணியை முதன்முறையாக ஒலிம்பிக் அரையிறுதிக்குக் கொண்டுபோனார். ஆளிடம் திறமை இல்லை என்ற தீர்ப்பு அவர் விஷயத்தில் பொய்த்தது. ஒருவேளை மகளிர் அணியின் இயல்பு அவருக்கு ஒத்துவந்திருக்கலாம் என்று வாதிடுபவர்கள் உண்டு. அதையும் நான் மறுக்கவில்லை.

நிர்வாகம் மட்டுமே பதில் சொல்லக்கூடிய சில விஷயங்களை யாரும் எழுப்புவதில்லை என்பதால் ஒன்றைக் குறிப்பிடுகிறேன். ஹாக்கி இந்தியா லீக் என்ற தொழில்முறைப் போட்டித் தொடர் 2017-க்குப் பிறகு நின்றுபோய், 2024 டிசம்பரில்தான் மறுபடி தொடங்கியது. இடைப்பட்ட ஏழு ஆண்டுகளில் கோவில்பட்டியிலோ ரூர்கேலாவிலோ வளர்ந்த ஒரு பதினெட்டு வயதுப் பையனுக்கு, பெனால்ட்டி கார்னரில் பந்தை ஸ்டிக்கால் இழுத்துக் கோலை நோக்கி எறியும் உலகத் தரமான டிராக் ஃபிளிக்கரை எதிர்த்து முதல் ஆளாக ஓடித் தடுக்கும் அனுபவம் எங்கே கிடைத்திருக்கும்? தேசிய முகாமுக்கு வந்த பிறகு எந்தப் பயிற்சியாளரும் அதை இரண்டு மாதத்தில் ஊட்டிவிட முடியாது. செயற்கைத் தரை வந்த காலத்திலும் இதே கதைதான். 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் முதன்முறையாகச் செயற்கைத் தரையில் ஆடி 7-ஆவது இடத்துக்குச் சரிந்தோம். அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் நம் பிள்ளைகள் புல்லிலும் மண்ணிலும் பழகிவிட்டு, வெளிநாட்டில் போய் வழுக்கும் தரையில் ஆடினார்கள். தோற்றபோது திட்டு வாங்கியவர் அந்தந்த ஆண்டின் பயிற்சியாளர்.

எனவே, அடுத்த முறை அணி தடுமாறும்போது எதைப் பார்ப்பது என்று கேட்டால், நான் முதலில் கோல் வித்தியாசத்தையும் ஆட்டத்தின் அமைப்பையும் பார்ப்பேன், பிறகுதான் தோல்விகளின் எண்ணிக்கையை. 2025 ஜூனில், முன்னணி நாட்டு அணிகள் மோதும் புரோ லீகின் ஐரோப்பியச் சுற்றில் இந்தியா தொடர்ந்து ஏழு ஆட்டங்களில் தோற்றது. பழைய காலமாக இருந்தால் விமானம் தரையிறங்குவதற்குள் பயிற்சியாளர் மாறியிருப்பார். ஆனால் அந்த ஏழில் ஆறு தோல்விகள் ஒரே ஒரு கோல் வித்தியாசத்தில் வந்தவை. நெதர்லாந்து, அர்ஜென்டினா, ஆஸ்திரேலியா ஆகிய மூன்று அணிகளோடும் இரண்டிரண்டு முறை. ஒரு கோலில் தோற்கும் அணியின் அடித்தளம் குலைந்துவிடவில்லை. கடைசிக் கால்பகுதியிலோ, வட்டத்துக்குள் முடிப்பதிலோ, கார்னர் தடுப்பிலோ குறிப்பான ஒரு கோளாறு இருக்கிறது, அதைத் திருத்தும்படி பயிற்சியாளரை நேரடியாகக் கேட்கலாம். எட்டாவது ஆட்டத்தில் பெல்ஜியத்தை 4-3 என்று வென்றார்கள். ஃபுல்டனை மாற்றவில்லை. செப்டம்பரில் ராஜ்கிர் ஆசியக் கோப்பை இறுதியில் கொரியாவை 4-1 என்று வீழ்த்தி, 2026 உலகக் கோப்பைக்கும் தகுதி பெற்றார்கள். புரோ லீகில் எதிர்த்த அணிகளின் தரமும் ஆசிய அணிகளின் தரமும் ஒன்றல்ல என்பதால் இதைக் கொண்டு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஜூனில் ஆளை மாற்றியிருந்தால், புதியவர் அந்த ஆசியக் கோப்பைக்கு முன் வீரர்களின் பெயரைப் பழகிக்கொண்டிருந்திருப்பார்.

நான் இன்னும் உள்ளூரில் இளம் பயிற்சியாளர்களுக்கு அவ்வப்போது வகுப்பெடுக்கிறேன். அவர்களிடம் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். இடப்பக்கத்தில் தாம் எடுத்த முடிவுகள், வலப்பக்கத்தில் தமக்காகப் பிறர் எடுத்த முடிவுகள், ஒவ்வொன்றுக்கும் தேதியோடு. போட்டிக்குப் பிறகு விளக்கம் கேட்டு யாராவது வந்தால், இரண்டு பக்கத்தையும் திறந்து காட்டலாம். இடப்பக்கத்துக்கு முழுப் பதிலும் அவர்கள்தான் சொல்ல வேண்டும். அதில் ஒளிவு மறைவு கூடாது. வலப்பக்கத்தைப் படிப்பதற்கு நிர்வாகத் தரப்பிலும் ஒருவர் எதிரில் உட்கார வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை. இந்திய அணிக்கும் இது பொருந்தும். ஒவ்வொரு ஒலிம்பிக் சுற்றின் முடிவிலும் பயிற்சியாளரின் அறிக்கையோடு தேர்வுக் குழுவின் அறிக்கையும் சங்கத்தின் அறிக்கையும் ஒரே நாளில் வெளிவந்தால், யார் எதற்குப் பொறுப்பு என்று அன்பரைப் போன்றவர்கள் ஊகிக்க வேண்டிய அவசியம் இருக்காது. என்னுடைய அந்தப் பழைய நோட்டின் இடப்பக்கத்தில், இரண்டாவது ஸ்டாப்பர் என்ற இடம் இன்றும் காலியாகவே இருக்கிறது.